வலைக்குப் பின்னால் ஓர் இடம்

ஹாக்கி பற்றி எனக்கு அன்றைக்கும் ஒன்றும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. பதினொரு பேர் இன்னொரு பதினொரு பேரோடு குனிந்துகொண்டே ஓடுவார்கள். விசில் ஊதினால் எல்லோரும் நிமிர்ந்து அம்பயரை முறைப்பார்கள். என் ஞானம் அவ்வளவுதான். ஆனால் ஹாக்கி மேட்சுக்குப் போனால் எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். ஒரே வாரத்தில் அத்தனை இடங்களில் உட்கார்ந்து எழுப்பப்பட்டவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகி இரண்டு வருஷம். செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. அந்த வருஷம் ஊரில் நடந்த ஹாக்கிப் போட்டிக்கு எங்கள் ஆபீசர்தான் கமிட்டிச் செயலாளர். அதனால் ஆபீசில் இருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் ஹாக்கி ரசிகர்கள் ஆனோம். டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தவர், முந்தைய ஆபீசர் காலத்தில் கர்நாடக சங்கீதத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர், இப்போது பெனால்டி கார்னரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தலையை ஆட்டுவது மட்டும் மாறவில்லை.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என்னைச் செய்யூருக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. வேண்டாம் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தேன். அது ஆபீசர் மேஜையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடந்தது. அந்தக் குண்டு நகரும்வரை அவர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவது என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் நாள் கையில் வி.ஐ.பி. பாஸ். மைதானத்தின் மேற்குப் பக்கம் பந்தல் போட்டு, கல்யாண மண்டபத்திலிருந்து கொண்டுவந்த சிவப்பு சோபாக்களை முன்வரிசையில் வைத்திருந்தார்கள். பின்னால் குஷன் நாற்காலி, அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கும் பின்னால் இரும்பு மடக்கு நாற்காலி, கடைசியில் பள்ளிக்கூட பெஞ்ச். நான் சீக்கிரமே போய்விட்டதால் ஆபீசர், "உக்காருய்யா, சோபா காலியா இருந்தா நல்லா இருக்காது" என்றார். உட்கார்ந்தேன். அமுங்கி உள்ளே போய்விட்டேன். முழங்கால் கண்ணுக்கு நேராக வந்து மைதானத்தை மறைத்தது.

பத்து நிமிஷத்தில் ஒரு டாக்டர் வந்தார். ஆபீசர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எழுந்து குஷன் நாற்காலிக்குப் போனேன். ஒரு வக்கீல் குடும்பத்தோடு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி. அரிசி மில் முதலாளி வந்தார், கூடவே அவருடைய டிரைவரும். டிரைவர் எனக்கு மேலா கீழா என்று ஆபீசர் ஒரு கணம் யோசித்ததை நான் பார்த்தேன். பிறகு இரும்பு நாற்காலிக்குப் போகச் சொன்னார். இடைவேளைக்கு முன்னால் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன். இடைவேளைக்குப் பிறகு பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு மூன்று கோல் விழுந்ததாம். ஒன்றையும் பார்க்கவில்லை. ஆனால் ஊரில் யார் யாருக்கு மேலே என்பதை ஒரே சாயங்காலத்தில் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் என் மச்சான் வந்தார். மனைவியின் தம்பி. படாளத்தில் இரண்டு மினி லாரி வைத்து ஓட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் ஹாக்கி கோல்கீப்பராக நின்றிருக்கிறார். அந்த ஒரு வருஷத்தில் எத்தனை கோல் விட்டார் என்பது என் மனைவிக்குத் தெரியும். கேட்டால் சிரிப்பாளே தவிரச் சொல்ல மாட்டாள்.

"இன்னா மாமா, பந்தல்லயா குந்திகினு இருந்த?" என்றார். "அங்க இன்னா தெரியும்? முன்னாடி குந்திகினு கீறவன் வழுக்கைதான் தெரியும். மேட்ச் பாக்கணும்னா ஒசரத்துல குந்தணும்."

கிழக்குப் பக்கம் சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் கட்டி கேலரி போட்டிருந்தார்கள். ஏறி உச்சியில் உட்கார்ந்தோம். நாலு மணி வெயில் நேராக முகத்தில் அடித்தது. கேலரியில் இருந்த அத்தனை பேரும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டிருந்ததால் மைதானத்துக்கு சல்யூட் அடிப்பதுபோல் இருந்தது. பந்து எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பந்தலில் இருக்கிறவர்கள் கை தட்டினால் நாங்களும் தட்டினோம். ஒருமுறை எல்லோரும் ஒன்றாக எழுந்தபோது கேலரி முனகிக்கொண்டே ஒரு பக்கம் சாய்ந்தது. மச்சான்தான் முதலில் குதித்தார்.

"கட்டை சரியில்ல" என்றார் கீழே நின்றுகொண்டு. "இடம் சரியானதுதான்."

மூன்றாம் நாள் மைக் செட்டுக்குப் பக்கத்தில். நன்கொடை கொடுத்தவர்களுக்கு நன்றி, காணாமல் போன சைக்கிள் சாவி, மறுபடியும் நன்கொடை கொடுத்தவர்களுக்கு நன்றி. வீட்டுக்குப் போய் மனைவி கேட்டதற்கெல்லாம் "என்ன? என்ன?" என்றுகொண்டிருந்தேன். அவள், "நீ மேட்சுக்குப் போனியா, சண்டைக்குப் போனியா?" என்றாள்.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் அணியும் தெற்கேயிருந்து வந்த ஓர் அணியும் மோதின. காலையிலேயே மச்சான் வந்துவிட்டார்.

"இன்னிக்கி நான் சொல்றத கேளு மாமா. கோலுக்குப் பின்னால குந்திக்கலாம். ஒவ்வொரு கோலும் உன் மடியில வந்து வுழும். கோல்கீப்பரா இருந்தவனுக்குத்தான் அந்த இடத்தோட அருமை தெரியும்."

வடக்குப் பக்கக் கோலுக்குப் பின்னால் ஏன் ஒருவருமே இல்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது. கமிட்டி சிக்கனம் பார்த்து, மாமல்லபுரம் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து பழைய மீன்வலையை வாங்கிவந்து கோலுக்குக் கட்டியிருந்தார்கள். நல்ல கெட்டியான வலைதான். ஆனால் வெயில் ஏற ஏறக் கருவாட்டு வாசனை கிளம்பியது. பக்கவாட்டில், என் கை எட்டும் தூரத்தில், ஒரு ஓட்டை. நண்டு அறுத்திருக்க வேண்டும். இரண்டு முஷ்டி உள்ளே போகும். சும்மா இருக்க முடியாமல் போட்டும் பார்த்தேன்.

மச்சான் துண்டை விரித்து, காலை நீட்டி, வேர்க்கடலையைப் பிரித்தார். ஆட்டம் ஆரம்பித்தது. தண்ணீர் லாரி தெளித்த ஈரம் கால் மணியில் காய்ந்துபோய் செம்மண் தூசி எழும்பியது. எதிர்க்கோடியில் ஒரு கோல் விழுந்தது. பிறகு எங்கள் பக்கம் ஒன்று. அதை நிஜமாகவே கிட்டத்தில் பார்த்தேன். பந்து கோலுக்குள் இருந்த பலகையில் மோதிய சத்தம் நெஞ்சில் கேட்டது. ஒன்றுக்கு ஒன்று. எனக்கே கொஞ்சம் சுவாரசியம் வந்துவிட்டது.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். இரண்டு பேர் புதிதாக எங்கள் பக்கம் வந்து, "இங்கிருந்து தெரியுமா அண்ணாத்த?" என்று கேட்டார்கள். மச்சானுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எழுந்து நின்று, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து விளக்க ஆரம்பித்தார். "ஒலகத்துலயே பெஸ்ட்டு சீட்டு இது. இங்க குந்திகினா ஒண்ணு கூட மிஸ் ஆவாது."

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் வலது பக்கமாகப் புகுந்து அடித்தான். பந்து கம்பத்துக்கு வெளியே சீறிக்கொண்டு வந்து, பக்கவாட்டு ஓட்டையைத் தேடிப்பிடித்ததுபோல் நுழைந்து, வலைக்குள்ளே உருண்டு நின்றது. ஒரே தூசி. அம்பயர் தூரத்திலிருந்து ஓடிவந்தார். வலைக்குள் பந்தைப் பார்த்தார். நீளமாக விசில் ஊதினார். கோல்.

கேலரி வெடித்தது. மைக்கில் நன்கொடையாளர்களுக்கு மறுபடி நன்றி சொன்னார்கள். தெற்கத்தி கோல்கீப்பர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு அம்பயரின் கையைப் பிடித்து இழுத்துவந்தான். "வெளிய போச்சு சார்! வெளிய போச்சு!"

இரண்டு அம்பயர்களும் பேசினார்கள். இருவருக்குமே தெரியவில்லை. பிறகு எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத காரியம் ஒன்று நடந்தது. பெரிய அம்பயர் வலைக்குப் பின்னால் வந்து, "இங்க உக்காந்திருக்கறவங்க யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார்.

மச்சான் ஓர் அடி முன்னால் வைத்தார். "நான் பழைய கோல்கீப்பர் சார். கோலப் பத்தி என்னாண்டதான் கேக்கணும்."

"பந்து எந்தப் பக்கமா உள்ள வந்தது?"

மச்சான் வலையைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூடவே அம்பயர், கோல்கீப்பர், புதிதாக வந்த இரண்டு பேர், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அதற்குள் ஆபீசர் பந்தலிலிருந்து வேகமாக வந்துவிட்டார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம ஸ்டாஃப்தான் சார். பொய் சொல்லத் தெரியாத ஆளு." பிறகு என் தோளில் கை வைத்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுய்யா. அவசரமில்லை."

யோசித்தேன். கண்ணாடிக் குண்டை யோசித்தேன். செய்யூர் பஸ்ஸை யோசித்தேன். வாய் தானாகவே ஆபீஸ் பாஷைக்குப் போய்விட்டது. "பந்தானது கம்பத்தின் வெளிப்புறமாக வந்து, மேற்படி ஓட்டை வழியாக உட்சென்றிருக்க வாய்ப்பு இல்லை என்று அறுதியிட்டுக் கூற இயலாத நிலையில்..."

"சார்" என்றார் அம்பயர். வியர்வையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "உள்ளயா, வெளியயா?"

அந்த கோல்கீப்பருக்கு இருபது வயதுகூட இருக்காது. முகமெல்லாம் செம்மண். கண்ணைச் சுற்றி மட்டும் ஈரம். அவன் என்னைக் கெஞ்சவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரிந்தவன்போல் ஏற்கெனவே தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"வெளிய" என்றேன். வலைக்குள் கிடந்த பந்தை அம்பயரிடம் எடுத்துத் தரச் சொல்லி வாங்கி, ஓட்டை வழியாக உள்ளே போட்டுக் காட்டினேன். சுலபமாகப் போனது.

என் தோளிலிருந்த கை எடுக்கப்பட்டது.

கோல் ரத்து என்று அம்பயர் கையை ஆட்டியதும் கேலரியிலிருந்து கடலைத் தோலும் செருப்பு ஒன்றும் எங்களை நோக்கி வந்தன. புதிதாக வந்த இரண்டு பேரும், "எந்த ஊருய்யா நீ?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். மச்சான் துண்டை உதறி மடித்தார். "மாமா, இங்க இனிமே சேப்டி இல்ல" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. கேலரிப் பக்கம் போக முடியாது. பந்தல் பக்கம் போகவே முடியாது. கோட்டோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம். நடுக்கோட்டுக்கு நேராக, ஒரு வேப்பமரத்து நிழலில், தெற்கத்தி அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்ச். அவர்களுடைய கோச், நரைத்த மீசைக்காரர், நகர்ந்து இடம் விட்டார்.

"வாங்க அண்ணாச்சி, இப்படி உக்காருங்க. தண்ணி குடிங்க."

மிச்சமிருந்த நிமிஷங்களை அங்கிருந்துதான் பார்த்தேன். வெயில் இல்லை, மைக் இல்லை, எழுந்திரு என்று சொல்ல ஆள் இல்லை. இரண்டு கோலும் ஒரே பார்வைக்குள் இருந்தன. பந்து ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு நாலே பேரின் மட்டைகளைத் தொட்டுப் போவதைப் பார்த்தேன். இவர்கள் இத்தனை நாளாக இதைத்தானா செய்துகொண்டிருந்தார்கள் என்று இருந்தது. கடைசி நிமிஷத்தில் தெற்கத்திப் பையன் ஒருவன் மூன்று பேரை ஏமாற்றிவிட்டு மெதுவாகத் தள்ளினான். பந்து நேர்வழியில், கம்பங்களுக்கு நடுவில், உள்ளே போனது. என்னையறியாமல் எழுந்து கை தட்டிவிட்டேன். தட்டி முடித்த பிறகுதான் எதிர்ப்பக்கம் பந்தலில் ஆபீசர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

பைக்கில் திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோடு வந்ததும் மச்சான் என் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "இருந்தாலும் மாமா, அந்த சீட்ட செலக்ட் பண்ணது யாரு? நான்தானே? நான் இட்டுகினு போலன்னா இன்னிக்கி நியாயம் செத்துப்போயிருக்கும்." வீட்டில் என் மனைவியிடமும் அப்படியே சொன்னார். அவள், "நீ எங்கடா பாத்துக்கினு இருந்த?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் காப்பி வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஆபீசர் கூப்பிட்டார். மாறுதல் உத்தரவு மேஜைமேல் இருந்தது. பொதுநலன் கருதி என்று போட்டிருந்தது. "செய்யூர் ஒண்ணும் மோசமில்லைய்யா. காத்து நல்லா இருக்கும்" என்றார். வாங்கிக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"நில்லு" என்றார். கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. "நெசமாவே வெளிய இருந்துதான் வந்துச்சா?"

"ஆமா சார்."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் எங்க மேட்ச் பாத்தேன்? சீஃப் கெஸ்ட் வந்தாரா, மாலை வந்துச்சா, யாரை எங்க உக்கார வைக்கிறதுன்னு ஒரு வாரமா ரோட்டைப் பாத்துக்கிட்டே இருந்தேன். போன வருஷம் பழைய ஊர்லயும் அப்படித்தான்." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏன்யா, இந்த ஹாக்கியில ஆஃப்சைடு உண்டா, இல்லையா? எல்லாரும் என்கிட்ட வந்து கேக்குறானுங்க."

"தெரியாது சார்" என்றேன்.

"உனக்கும் தெரியாதா?" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மணியை அடித்து இரண்டு டீ சொன்னார். நின்றுகொண்டே குடிக்கப்போனவனை எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.