கோட்டைத் திறப்பு

முற்றுகை என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது எட்டு வயதில், எங்கள் பள்ளிக்கூட நாடகத்தில். பிற்காலத்தில் அந்தச் சொல்லைக் காது புளிக்கக் கேட்டாயிற்று. இப்போது யாராவது சொன்னால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, அலுப்புத்தான் வருகிறது. ஆனால் அன்றைக்கு அது ஒரு அழகான சொல்லாக இருந்தது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். கிளிநொச்சிப் பக்கம் பெரிய குளத்தின் கீழே அரசாங்கம் காணி கொடுக்க, காடு வெட்டிக் குடியேறினோம். வாய்க்காலுக்கு அப்பால் ஒரு பழைய ஊர் இருந்தது. பல தலைமுறையாக அங்கே இருந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு சின்னக் குளம். அந்தக் குளத்துக்கு ஓடிவந்த காட்டு வெள்ளத்தை எங்கள் குளத்தின் அணைக்கட்டு மறித்துவிட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகு விளங்கிய சங்கதி. அப்போது எனக்குத் தெரிந்தது, இரண்டு ஊருக்கும் ஒரே பள்ளிக்கூடம் என்பதும், என்னோடு ஒரே வாங்கில் இருந்த சிநேகிதி அந்த ஊர்ப் பிள்ளை என்பதும்தான்.

என் தகப்பனார், ஐயா, அந்த வருடம் வட்டவிதானை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை பங்கிடுகிற வேலை. சாவியை எங்கள் பக்கத்தில் திறப்பு என்போம். வாய்க்கால் கதவின் திறப்பு, ஒரு சாண் நீள இரும்பு, சிவப்புத் துணி கட்டியபடி எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதற்குப் பெயர்தான் திறப்பு. அந்த வருட வறட்சியில் அது பூட்டுவதற்கே பயன்பட்டது. வயல் செய்கிற மற்றக் கமக்காரர் கூடி, வெளியூர் வயலுக்கு ஒரு சொட்டும் விடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள்.

என் சிநேகிதியின் தகப்பன் ஒவ்வொரு விடியலிலும் எங்கள் வேலிப் படலையில் வந்து நிற்பார்.

"நாலு நாளாய் வாறன் தம்பி. பயிர் குடலையாய் நிக்குது, கதிர் வாற நேரம். ஒருக்காத் தண்ணி காட்டினால் காணும்."

"விளங்குது அண்ணை. கூட்டத்தில முடிவெடுத்திட்டினம். நான் தனிய என்ன செய்யிறது?"

அவர் உள்ளே வரமாட்டார். ஐயாவும் வெளியே போகமாட்டார். படலை நடுவே நிற்கும். அவர் போன பிறகு ஐயா தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவிடுவார். இரவெல்லாம் வாய்க்காலில் காவல், பகலெல்லாம் வயல். அந்த நாட்களில் அவர் நின்றபடியே தூங்கக்கூடியவராக இருந்தார்.

இந்தச் சீரில்தான் எங்கள் வாத்தியாருக்கு நாடக ஆசை பிடித்தது. எங்கள் வன்னிநாட்டு அரசன் ஒருவனின் கோட்டையை வெள்ளைக்காரன் வளைத்துக்கொள்வான். தண்ணீர் போகும் வழியை அடைப்பான். தாகம் தாங்காமல் அரசன் திறப்பைக் கொடுத்துச் சரணடைவான். சரித்திரத்தில் இப்படி நடந்ததா என்று யாரும் கேட்கவில்லை. வாத்தியாருக்குச் சரித்திரத்தைவிட இலக்கணத்தில்தான் பிடிப்பு. கோட்டையைக் காப்பவர் நொச்சி சூட வேண்டும், வளைப்பவர் உழிஞை சூட வேண்டும் என்று தமிழ் சொல்லியிருக்கிறதாம். "ஊர்ப் பேரிலேயே நொச்சியை வைச்சுக்கொண்டு இது தெரியாமல் இருக்கலாமோ?" என்று எங்களைப் பார்த்து வெட்கப்பட்டார். நொச்சி வேலியோரம் கிடைத்தது. உழிஞை எந்தக் கொடி என்பதில் அவருக்கே சந்தேகம். கடைசியில் முடக்கொத்தான் என்று முடிவுகட்டினார். ரசத்துக்குப் போடுகிற கொடியைத் தலையில் சுற்றிக்கொண்டு ஒரு படை கோட்டை பிடிக்கப் போவதாயிற்று.

பெரியவர்களும் நடித்தார்கள். நொச்சிப் படை பழைய ஊரார். உழிஞைப் படை எங்கள் ஆட்கள். எங்களிடம்தான் காக்கிக் காற்சட்டை இருக்கிறது என்று காரணம் சொல்லப்பட்டது. சிநேகிதியின் தகப்பன் அரசன். என் ஐயா வெள்ளைக்காரத் தளபதி. சிநேகிதிக்கு மேடையில் நாக்கு எழவில்லை. ஆகவே அரசனின் மகள் நான். எனக்கு ஒரே வசனம்: "தந்தையே, தாகம் என்னை வாட்டுகிறதே!" அதைச் சொல்லிவிட்டு, கோட்டைத் திறப்பைத் தாம்பாளத்தில் வைத்து அரசனிடம் நீட்ட வேண்டும்.

கோட்டைத் திறப்பு நானே செய்தது. கடதாசி மட்டையில் வெட்டி, சிகரெட் பெட்டித் தாள் ஒட்டி, வெள்ளிபோல மினுக்கினேன். நாடகத்தன்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் எங்கள் வீட்டுக் கன்று அதை மென்று முடித்திருந்தது. அழ நேரமில்லை. இருட்டினால் யானை இறங்கும் என்பதால் நாடகம் பின்னேரம் மூன்று மணிக்கு. ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடினேன். அசல் திறப்பு இன்னும் நன்றாக இருக்கும் என்று பெருமையாகவும் இருந்தது.

நாடகம் நன்றாகத்தான் போனது. நொச்சிப் படை வாடிக் கிடந்தது. ஐயா, யாரோ ஓவசியரிடம் இரவல் வாங்கிய தொப்பியும் அதன்மேல் முடக்கொத்தானுமாகக் களைத்துப் போய் நின்றார். வெற்றி பெறப்போகிற ஒருவர் அவ்வளவு களைத்திருக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "தந்தையே, தாகம் என்னை வாட்டுகிறதே!" பழைய ஊர்ப் பெண்கள் இருந்த பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். என் நடிப்புக்குத்தான் என்று நினைத்துத் தாம்பாளத்தை நீட்டினேன்.

அரசன் திறப்பை எடுத்தார். "வெள்ளையனே, பெற்றுக்கொள்" என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சிவப்புத் துணியை விரலால் தடவிப் பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார் வசனத்தை எடுத்துக் கொடுத்தார். பிறகு கொஞ்சம் சத்தமாகக் கொடுத்தார். முன்வரிசையில் இருந்த எங்கள் கமக்காரர் ஒருவர் எழும்பினார்.

"இது உங்கட திறப்பெல்லோ, தம்பி," என்றார் அரசன். நாடகக் குரலில் இல்லை, படலையில் நிற்கிற குரலில். "இந்தாருங்கோ."

அவர் நினைத்திருந்தால் மேடையிலிருந்து இறங்கி நேரே வாய்க்காலுக்குப் போயிருக்கலாம். அவர் ஊர் ஆண்கள் முழுப்பேரும் அங்கேயே இருந்தார்கள். ஆனால் அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஐயா வாங்கவில்லை. தொப்பியைக் கழற்றினார், முடக்கொத்தானும் அதோடு வந்தது.

"உங்களிட்டையே இருக்கட்டும் அண்ணை. விடியத் தாங்கோ."

சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார். வாத்தியார் அவசரமாகத் திரையை இழுத்தார். ஒரு பக்கம் கைதட்டல், மறுபக்கம் கூச்சல். நான் வெட்கம் தாங்காமல் அழுதேன். எல்லாரும் பார்த்திருக்க, என் ஐயா வசனத்தை மறந்துவிட்டார். வென்ற கோட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

விடிந்தபோது திறப்பு எங்கள் படலையில் தொங்கியது. சிவப்புத் துணி நனைந்திருந்தது. மூன்றாம் நாள் கமக்காரர் வந்தார்கள். ஐயா திறப்பை எடுத்துக் கொடுத்தார், வேறொருவர் வட்டவிதானையானார். அன்றிலிருந்து எங்கள் வயலுக்குத்தான் கடைசி முறை. எங்கள் கடைக்கோடி வரம்போரம் பயிர் கருகியது. "நாடகத்தில கூட வெல்லத் தெரியாத மனுசன்" என்று அம்மா குசினிக்குள் இருந்தபடி சொன்னா. ஆனால் அன்று அவருக்குப் பொரித்த முட்டையும் வைத்தா. எனக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை.

வேலை போனது வசனத்தை மறந்ததற்குத் தண்டனை என்றே நான் நம்பினேன். குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. மட்டைத் திறப்பைக் கன்றுக்கு எட்டுகிற இடத்தில் வைத்தவள் நான். ஆகவே வாத்தியாரிடம் நாடகக் கொப்பியை இரவல் கேட்டு வாங்கி, தளபதியின் வசனம் முழுவதையும் பாடமாக்கினேன். ஒரு பின்னேரம் ஐயா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடந்தார். பல நாளுக்குப் பிறகு அவர் பகலில் படுத்திருந்ததை அன்றுதான் கண்டேன்.

"ஐயா, திறப்பை வாங்கிக்கொண்டு 'இன்று முதல் இந்தக் கோட்டை எமது' என்று சொல்ல வேணும். அதுதான் உங்கட வசனம். அடுத்த வருசம் மறக்காதேங்கோ."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. என் தலையைத் தேடிக் கையை வைத்தார்.

"ஓம் பிள்ளை. மறந்து போனன்."

பாவம், வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு அப்போது முப்பத்தைந்துதான்.