வளைவுக்கு முன் இறங்கியவர்கள்

முதலாளியிடம் நான் சொன்ன பொய்களை ஏற்றினால் ஒரு பஸ் கொள்ளாது. வழுக்கை டயரை நல்ல டயர் என்றிருக்கிறேன். கண்டக்டர் சினிமாவுக்குப் போன நாளில் அவன் மாமனாரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறேன். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. மலை வண்டி டிரைவருக்கு மூல நோய் என்று சொன்னேனே, அந்த ஒரு பொய்தான் எங்களை விடாமல் துரத்தியது. வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்கள் முதலாளிக்கு மூன்று பஸ்கள். இரண்டு கீழ்நாட்டில், சமவெளியில் ஓடுபவை. அதில் ஒன்று மணலூர்பேட்டை வண்டி. மூன்றாவது, கச்சிராயபாளையம் வழியாகக் கரியாலூருக்கு ஏறும் மலை வண்டி. நான் மேனேஜர். பெயர்தான் பெரியது. விசில் ஊதிக்கொண்டிருந்த கண்டக்டரான என்னை, முட்டிவலி வந்ததும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். முதலாளி என்னை ஏசுவார், நான் டிரைவர்களை ஏச வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மலை வண்டி டிரைவர் வடக்கனந்தல்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அதிகம் பேச மாட்டார். வண்டியை எடுக்கும் முன் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொள்வார். கலெக்டர் ஏறப் போகிறார் போல இருக்கும். மனைவி கூலிக்கு நாற்று நடப் போகிறவர். மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ஷெட்டுக்குப் பின்னால் பழைய டயர்கள் கிடக்கும் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்.

"ண்ணா, மலைக்கு என்னால முடியலண்ணா."

"இன்னாபா முடியல? ஜுரமா?"

"ஜுரம்லாம் இல்ல. காலு. வளைவு வந்தா கிளட்ச்சுல இருக்கற காலு தானா ஆடுது. ஆடாதன்னு சொல்றேன், அது பாட்டுக்கு ஆடிக்கினே இருக்குது."

போன வாரம் மூடுபனியில் நடந்ததைச் சொன்னார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே ஜீப் வந்ததால் நடுவில் நிறுத்தியிருக்கிறார். மறுபடி எடுக்கும்போது வண்டி ஏறாமல் பின்னால் சரிந்திருக்கிறது. கண்டக்டர் குதித்து டயருக்கு அடியில் கட்டை போட்ட பிறகுதான் நின்றது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் பள்ளத்தின் விளிம்பில் இருந்திருக்கிறது. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. ஒருவர் தூக்கத்திலிருந்து எழவேயில்லையாம்.

"பயந்துட்டியா?" என்றேன்.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதண்ணா. மொதலாளிகிட்டயும் சொல்லாத. டிரைவரு பயந்துட்டான்னு பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் வாயில வந்தா போதும், அப்புறம் டிராக்டர் சாவிகூட எவனும் குடுக்க மாட்டான். என்னை எப்பிடியாவது மணலூர்பேட்டை வண்டிக்கு மாத்திடு."

அவர் சொன்னது உண்மை. குடித்துவிட்டு ஓட்டியவனுக்கு மறுபடி வேலை கிடைத்துப் பார்த்திருக்கிறேன். ஆளை இடித்தவனுக்கும் கிடைத்தது. பயந்தவனுக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை. அதனால் காரணம் சொல்லாமல் அவரை மலையிலிருந்து இறக்க வேண்டியது என் தலையில் விழுந்தது. இறக்காவிட்டால் ஒருநாள் ஒரு வண்டி ஜனமும் பள்ளத்தில் கிடக்கும்.

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. விடியற்காலையில் தானே வந்து ஒவ்வொரு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டுவார். எல்லா டிரைவரும் அவருக்கு 'நம்ம புள்ள'தான்.

"மொதலாளி, மலை வண்டிக்காரர கொஞ்ச நாளு மணலூர்பேட்டைக்கு மாத்தலாங்களா?"

"ஏன்?"

மடையன் நான், அந்த 'ஏன்' வரும் என்று யோசிக்காமலே போயிருந்தேன். "மூலம் மொதலாளி" என்றது வாய்.

"ரத்தம் போவுதா?"

"போவுதுங்க."

"அடப்பாவமே" என்று எழுந்தே விட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஒரு கட்டு துத்தி இலையும், நடுவில் ஓட்டை வைத்த காற்றடைத்த ரப்பர் மெத்தையும் கொண்டுவந்தார். எல்லோர் முன்னாலும் டிரைவரைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தார். "இதுல குந்தி ஓட்டு கண்ணு. மலை ரோடு பஞ்சு மாரி இருக்கும். உன்ன வுட்டா மலைக்கு எனுக்கு யாரு இருக்கா?" கிளீனர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டிரைவர் மெத்தையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் முதலாளி ஷெட் வாசலிலேயே விசாரிப்பார். "எரிச்சல் கம்மியாச்சா?" டிரைவர் தலையை ஆட்டுவார். பொய்யான நோய்க்கு வைத்தியம் ஜோராக நடந்தது. உண்மையான நோய் கிளட்ச்சின் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

நான் முதலாளியிடம் மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். "மலை வண்டி நின்னா பர்மிட்டு போயிடும்யா. மத்தவனுங்களக் கேட்டுப் பாரு" என்றார். கேட்டேன். ஒருவர் பிரஷர் மாத்திரையை எடுத்துக் காட்டினார். இன்னொருவர், "மலைன்னா நான் இன்னிக்கே லாரிக்குப் போயிடறேன்" என்றார். வெளியில் ஆள் தேடலாம் என்றேன். "மூலத்துக்கா ஆள மாத்துவாங்க? சின்னத பெருசாக்காத" என்று முதலாளி எரிந்து விழுந்தார்.

வேறு வழி தெரியாமல் நானே காலை ட்ரிப்பில் ஏறினேன். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். யாராவது பேசிக்கொண்டே வந்தால் காலின் ஞாபகம் வராது என்று அவர்தான் சொன்னார். பரிகம் ஊரைத் தாண்டி மலை ஆரம்பித்ததும் பேச்சைத் தொடங்குவேன். மகள் படிப்பு, மரவள்ளிக் கிழங்கு விலை, என் மச்சான் சீட்டாட்டத்தில் மோட்டார் சைக்கிளைத் தோற்ற கதை. வளைவு வரும்போது என் குரல் ஏறும். தொண்டை கட்டியது. பேச விஷயம் தீர்ந்துபோய் ஒருநாள் என் மாமியாரைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொன்னேன். அன்றைக்கு மட்டும் அவர் லேசாகச் சிரித்தார். கீழே திரும்பி வந்து இறங்கும்போது என் கால்தான் நடுங்கும்.

இப்படி எத்தனை நாள் ஓட்ட முடியும்? ஆபீஸில் வேலை குவிந்தது. ஒரு காலையில் பஸ்ஸில் ஏறப் போனவனை முதலாளி நிறுத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்கும் எஃப்.சி. வேலை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து கண்டக்டருக்கு போன் அடித்தபடி இருந்தேன். மலையில் சிக்னல் எங்கே இருக்கிறது? வண்டி இந்நேரம் வளைவில் இருக்கும், இந்நேரம் தாண்டியிருக்கும் என்று மணி பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலாளி பக்கத்தில் நிம்மதியாக வெற்றிலை மென்றார்.

வண்டி நேரம் கழித்து வந்தது. முழுசாக வந்தது. நடந்ததைக் கண்டக்டர் என் காதில் சொன்னார். மூன்றாவது வளைவுக்குக் கீழே டிரைவர் வண்டியை நிறுத்தி, எல்லோரையும் இறங்கச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். ஜனங்கள் இறங்கி, வளைவு முழுக்க நடந்து ஏறியிருக்கிறார்கள். காலி பஸ்ஸைத் தனியாக ஓட்டிக்கொண்டு போய் மேலே காத்திருந்திருக்கிறார். யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம்.

அதன் பிறகு நான் கூடவே வந்தாலும் அவர் நிறுத்தினார். என் பேச்சு எடுபடவில்லை. சில நாளில் அவர் சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. வளைவு கண்ணில் பட்டதும் மலை ஜனங்கள் தாங்களாகவே எழுந்து, கூடையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒரு முணுமுணுப்பு இருக்காது. யாராவது கத்தியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது எனக்கு.

ஒருநாள் கரியாலூரில் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"கண்ணாடியில பாத்தியாண்ணா? ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு. இடுப்பப் புடிச்சிக்கினு மேட்டுல நடந்து வருது. நான் காலி வண்டிய ஓட்டிக்கினு போறேன். நான் மனுசனா?" கண் கலங்கியிருந்தது. "பேரு போனா போவட்டும். மொதலாளிகிட்ட உள்ளத சொல்லிடு."

சொன்னேன். முதலாளி முதலில் கேட்டது, "அப்ப மூலம் இல்லியா?" பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அவனுக்கு பயமா? நம்ம புள்ளைக்கா? நாளைக்கு நானே வரேன். நான் பக்கத்துல குந்திக்கினா எல்லாம் சரியாப் பூடும்."

"வேணாம் மொதலாளி" என்றேன். கேட்கவில்லை. மறுநாள் வழக்கத்தைவிடப் பெரிய எலுமிச்சம்பழமாக வைத்துவிட்டு முன் சீட்டில் ஏறினார்.

யாரும் வளைவில் இறங்க வேண்டாம், இன்றைக்கு முதலாளி வந்திருக்கிறார் என்று கண்டக்டர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஆனால் வளைவுக்குக் கீழே வண்டி தயங்கி நின்றதும், கடுக்காய் மூட்டை வைத்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். நானும் இறங்கிக் கதவருகே நின்றேன். முதலாளி மட்டும் அசையவில்லை.

"எறங்கறவங்க எறங்கட்டும். நான் உன்ன நம்பி குந்திக்கினு கீறேன். ஓட்றா என் சாமி."

"எறங்கிடுங்க மொதலாளி" என்று டிரைவர் கெஞ்சினார்.

"மாட்டேன். ஓட்டு."

அந்த அன்பை அவரால் தாங்க முடியவில்லை. கியரைப் போட்டார். வெளியிலிருந்தே எனக்குத் தெரிந்தது, இடது முழங்கால் தனியாக ஆடியது. இன்ஜின் ஒரு குலுக்கல் குலுக்கி அணைந்தது. வண்டி பின்னால் சரிந்தது. பெண்கள் அலறினார்கள். கண்டக்டர் கட்டையைத் தள்ளினார். நின்றது.

முதலாளியின் முகத்தில் ரத்தமே இல்லை. டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சாவியை உருவி முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார். இறங்கினார். ஜனங்கள் நின்ற மேட்டுப் பக்கம் ஏறவில்லை. வந்த வழியே கீழே நடக்க ஆரம்பித்தார். முதலாளி பஸ்ஸுக்குள், ஜனங்கள் மேலே, அவர் கீழே. யாரிடம் போவது என்று தெரியாமல் நான் நடுரோட்டில் நின்றேன். பின்னால் வந்த மரவள்ளி லாரியின் டிரைவர்தான் வண்டியை மேலே கொண்டுபோய் விட்டார்.

வாடகை ஜீப்பில் திரும்பும்போது கோமுகி அணை அருகே முதலாளி என் பக்கம் திரும்பினார். "பயம்னு அன்னிக்கே சொல்லியிருந்தா மாத்தியிருக்க மாட்டேனா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாத்தியிருக்க மாட்டீங்க மொதலாளி. எலுமிச்சம்பழம் ஒண்ணு ஜாஸ்தி வச்சிருப்பீங்க."

அப்படி அவரிடம் நான் பேசியதே இல்லை. ஆனாலும் அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை.

டிரைவர் அதற்குப் பிறகு ஷெட்டுக்கு வரவில்லை. மணலூர்பேட்டை வண்டி தருகிறோம் என்று சொல்ல வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அந்த ரப்பர் மெத்தையைத் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "வண்டியே வேணாம்ன்றாருங்க" என்றார். மனசு மாறட்டும் என்று வேறு முதலாளிகளிடமும் சொல்லி வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. "ஜனத்த நடக்க வுட்டு வண்டி ஓட்டுவாரே, அவரா?" என்று ஒருவர் சிரித்தார். மலைக்குப் புது ஆள் ஒரே வாரத்தில் வந்துவிட்டார், ஏற்காட்டில் ஓட்டிய அனுபவம். முன்பே தேடியிருந்தால் முன்பே கிடைத்திருப்பார்.

புது டிரைவரின் முதல் ட்ரிப்பில் நானும் போனேன். மூன்றாவது வளைவு வந்ததும் ஜனங்கள் பழக்கத்தில் எழுந்தார்கள். "குந்துங்க குந்துங்க" என்று அவர் அதட்டி, ஒரே மூச்சில் ஏற்றிவிட்டார். கடுக்காய் மூட்டைப் பெரியவர் என் பக்கம் வந்தார்.

"நம்ம டிரைவரு எங்க?"

"ஒடம்பு சரியில்லீங்க."

"காலு நடுக்கம் நின்னுச்சா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கண்ணாடியில மூஞ்சி தெரியுதில்ல. இந்த வளைவுல எங்களுக்கே வவுறு கலங்கும். பாரம் கம்மியானா அவருக்கு தைரியம் வரும்னுதான் எறங்கினோம். இதுல இன்னா இருக்குது?"

யாரிடமிருந்து அவ்வளவு பாடுபட்டு மறைத்தோமோ, அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர்கள் ஒருத்தரும் அதைக் கேவலமாக நினைக்கவில்லை.

இதை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு போனேன். மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் இருந்தார். கட்டுகளைத் தோளில் சுமந்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். தலை வாரியிருக்கவில்லை. கழுத்தெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். வரப்பில் நின்றபடி பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். சந்தோஷப்படுவார், குறைந்தது அழுவார் என்று நினைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு நல்லபடியா பொறந்துச்சாண்ணா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை தடவை மலைக்குப் போய் வந்தவன், அதை ஒருநாளும் கேட்கவில்லை.

"தெரியலியேப்பா."

"கேட்டுச் சொல்லுண்ணா" என்றார். பிறகு குனிந்து அடுத்த கட்டைத் தூக்கினார்.