டி.சி. வாங்காத பெயர்

ஜெனிட்டாவின் படிவம் நிரப்பப்பட்டுத் தபாலில் வந்த காலையில் நான் ஆபீசில் தனியாக இருந்தேன். உறையைப் பிரித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. ஜெனிட்டா கோடை விடுமுறையில் காய்ச்சலில் இறந்துபோன மாணவி. அவளுடைய இரங்கல் அறிவிப்பை, படத்தோடு, பலகையில் ஒட்டியவனே நான்தான்.

வடமதுரை ரோட்டில் ஒரு கலைக் கல்லூரியில் ஆபீஸ் அசிஸ்டென்டாக இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் எல்லாரும் தங்கள் துறைக்கு வெளியே ஒரு பொதுப்பாடம் எடுத்தாக வேண்டும். பி.காம். படிக்கிறவர் மலர்ச் சாகுபடி எடுக்கலாம், கணிதம் படிக்கிறவர் இதழியல் எடுக்கலாம். பெயர் அச்சிட்ட படிவத்தில் மூன்று விருப்பங்களை வரிசையாக எழுதித் தர வேண்டும். கடைசி நாளில் வராதவர்களுக்குப் படிவம் தபாலில் போகும். உறை ஒட்டுவது என் வேலை.

அந்தப் பட்டியலில் ஜெனிட்டா பெயரும் இருந்தது. வீட்டார் வந்து டி.சி. வாங்காதவரை கம்ப்யூட்டரில் பெயர் போகாது. சூப்பரின்டென்டென்ட் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எரிந்து விழுவாரோ என்று நானே நினைத்துக்கொண்டு ஒட்டி அனுப்பிவிட்டேன்.

அதற்குத்தான் பதில் வந்திருந்தது. முதல் விருப்பம், மலர்ச் சாகுபடி. இரண்டாவதும் அதுதான். மூன்றாவதும் அதுதான். கீழே ஜெனிட்டா என்று கையெழுத்து.

காட்டினால் அனுப்பியது யார் என்று கேட்பார்கள். கிழித்துப் போடவும் பயம். கட்டுக்குள் சொருகி மேலே அனுப்பிவிட்டேன். வகுப்புப் பட்டியல் வந்தபோது முப்பத்தெட்டாவது பெயர் ஜெனிட்டா.

புதன்கிழமை மதியம் அந்த வகுப்பு. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்ப வாங்கி வைப்பேன். நாலு வாரம் அதைப் பிரிக்கவே இல்லை. ஐந்தாவது வாரம் பிரித்தேன். முப்பத்தெட்டுக்கு நேரே எல்லா வாரமும் ‘பி’ போட்டிருந்தது.

அடுத்த புதன் ஜன்னலோரம் நின்றேன். பாடம் எடுக்கிற மேடம் வேலைக்குப் புதிது. ஆறு துறைப் பிள்ளைகள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஜெனிட்டா படித்த பி.காமிலிருந்து வேறு யாரும் அந்தப் பாடத்தை எடுக்கவில்லை.

“ஜெனிட்டா.”

“பிரசன்ட் மேம்.”

நாலாவது பெஞ்சின் ஓரத்திலிருந்து குரல் வந்தது. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான் பசை தடவி ஒட்டிய அதே முகம்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஜன்னலை விட்டு விலகி நடந்தேன். அறிவிப்பைக் கிழித்தெடுத்த பலகையில் பசைத் தடம் நாலு மூலையிலும் அப்படியே இருந்தது. அந்த வழியாகப் போகாமல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன்.

ஹால் டிக்கெட் அச்சாக இரண்டு வாரம்தான் இருந்தது. அதில் இறந்தவளின் படம் வரும். உட்கார்ந்திருப்பது யாராக இருந்தாலும், பரீட்சை எழுதிவிட்டால் ஆள்மாறாட்டம். அவளுக்குப் போலீஸ் கேஸ், எனக்கு வேலை போகும்.

வகுப்பு விட்டதும் படிக்கட்டின் கீழே அவளை நிறுத்திப் பெயரைக் கேட்டேன். ஜெனிட்டா என்றாள்.

“அந்தப் புள்ளைக்கு நோட்டீசு ஒட்டுனவன் நான்தாம்மா.”

தான் ஜெனிட்டாவின் தங்கச்சி, பெயர் சகாயமேரி என்று அப்போதுதான் சொன்னாள். அக்காவை அப்படியே உரித்து வைத்த முகம். பத்தாவதோடு நின்று மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிறாளாம். அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் என் உறை அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது.

“காலேசுல இருந்து அக்காவக் கூப்புட்டிருக்காகன்னு அம்மா சொல்லுச்சுண்ணே. போகலைன்னா அவ பேர அழிச்சுருவாகன்னு அழுதுச்சு. அதான் நான் வாரேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ரெண்டு தடவ நான் வாயத் தொறக்கவே இல்ல. அதுக்குள்ள பிரசன்ட்டுன்னு கேட்டுச்சு. மேடமும் போட்டுட்டாக.”

நேரே சூப்பரின்டென்டென்ட் சாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

“செத்த புள்ளைக்கு லெட்டர் போட்டியாக்கும்? அதுவும் பதில் எழுதுச்சாக்கும்?” என்றார். நான் எதிர்பார்த்த அளவுக்குத் திட்டவில்லை. பட்டியலைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டது அவரும்தான். ஜெனிட்டாவின் அப்பாவை வரச்சொல்லி டி.சி. கொடுத்தார். சகாயமேரி மேல் புகார் எதுவும் வைக்கவில்லை, இனி வரக்கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

வர விருப்பமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறு புதன் மேடம் முப்பத்தேழுக்குப் பிறகு முப்பத்தொன்பதைக் கூப்பிட்டார். வகுப்பு முடிந்து நாலாவது பெஞ்சுப் பெண் ஒருத்தி, ஆங்கிலத் துறைக்காரி, என்னிடம் வந்தாள்.

“அண்ணே, ஜெனிட்டா ஏன் வரல? அவ நோட்டு என்கிட்ட இருக்கு.”

தெரியாது என்று சொல்லி நழுவத்தான் நாக்கு போனது. அடக்கிக்கொண்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அட்டையில் ஜெனிட்டா என்றுதான் எழுதியிருந்தது. உள்ளே ஒரு வாரம் விடாமல் பாடம் எழுதியிருந்தது.

“அப்ப எனக்கு இம்புட்டு நாளா பழக்கம் யாருண்ணே?”

“சகாயமேரிம்மா,” என்றேன். அந்தக் கட்டடத்தில் அந்தப் பெயரை ஒருவர் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் உடனே போய்க் கேட்டுவிடுகிறேன். எரிந்து விழுந்தால் விழட்டும்.