சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு மாடு

போன வருஷம் மழைக்கு முன்னால், மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதுத் தொழுவம் கட்ட ஏற்பாடு செய்தபோது நடந்தது இது. பழைய தொழுவத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்த எங்கள் பசு அப்போது நிறை சினை. இன்னொரு தடவை விழுந்தால் வயிற்றிலிருக்கும் கன்று என்ன ஆகும் என்று எனக்குப் பயம். கன்று போடுவதற்குள் வேலை முடிய வேண்டும்.

மேஸ்திரி காட்டிய பிளானில் எனக்குத் தெரிந்தது வெறும் கோடுகள்தான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தலையை ஆட்டிவிட்டேனே தவிர, மனசு ஆறவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் பசுவின் ஒரு நாளைக் கதை மாதிரி கட்டம் கட்டமாக வரைந்தேன். பசு வருகிறது, தின்கிறது, படுக்கிறது. அதோடு விட்டேனா? வழுக்குகிறது, கொம்பு கம்பியில் மாட்டுகிறது, பாம்பு வருகிறது. பசு பார்க்கப் பன்றி மாதிரி இருந்தது. பாம்பு மட்டும் நன்றாக வந்திருந்தது.

மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, தொழுவம் கட்டறதுங்களா, ஆஸ்பத்திரி கட்டறதுங்களா?"

கிண்டல் செய்தாலும், தரையைச் சொரசொரப்பாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். அஸ்திவாரம் தோண்டும் முன்பு பிளானைச் சுண்ணாம்புப் பொடியால் மண்ணில் அளவாக வரைந்து, "நடந்து பாத்துக்குங்க" என்றார்.

சினை மாட்டை நடத்திப் பார்க்கப் பயம். வீட்டுக்காரரைக் குனிய வைத்தேன். படத்தைப் பார்த்துப் பார்த்து நான் கதை சொல்ல, அவர் நடந்தார்.

"உள்ள வாங்க. தொட்டில தின்னுங்க. இப்பத் திரும்புங்க... ஐயோ, செவுத்துல இடிச்சுட்டீங்க!"

"எனக்கே எடம் பத்தல, மாடு எப்படித் திரும்பும்?" என்றார் குனிந்தபடியே.

"மாடே வாயத் தொறந்து சொன்னதுக்கப்புறம் நானென்னங்க பண்ண முடியும்?" என்று மேஸ்திரி கோட்டைத் தள்ளிப் போட்டார்.

சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன பக்கத்து வீட்டு அக்கா, வேலியோரம் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"மாடு சரியாத்தான் இருக்குது. கன்னுக்குட்டிய எங்க கட்டுவ, கண்ணு?"

கையிலிருந்த காலண்டர் தாளைப் புரட்டிப் பார்த்தேன். பாம்புக்குக்கூட ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தேன். எந்தக் கன்றுக்காக இவ்வளவு பயந்தேனோ, அதற்கு ஒரு கட்டமும் இல்லை. அது நல்லபடியாகப் பிறக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை போல.

மேஸ்திரி மூலையில் சின்னதாக ஒரு சதுரம் போட்டார். இடம் போதுமா என்று அதற்குள் நானே மண்டியிட்டுப் பார்த்தேன். பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் "ம்மா..." என்றார்.

கன்று நல்லபடியாகப் பிறந்து, அந்த மூலையில்தான் துள்ளியது. இப்போதும் பயம் வந்தால் வரைந்துதான் பார்க்கிறேன். ஆனால் எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டால் அதற்கும் ஒரு இடம் வேண்டுமே என்று, கடைசியில் ஒரு கட்டத்தை மறக்காமல் சேர்த்துவிடுகிறேன்.