இரண்டாம் கியரின் சத்தம்

எங்கள் குடும்பத்தின் திகதிகளைச் சேர்த்து வைப்பவள் நான். யார் எந்த ஆண்டு எந்த அகதி முகாமில் வந்திறங்கினார்கள், யாருக்கு எப்போது விசா கிடைத்தது, சுவிஸின் லாங்கன்தாலில் நாங்கள் மாறி மாறி இருந்த வீடுகள் எவை என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். மாமாவின் கார் எங்களை விட்டுப் போன நாளை மட்டும் என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. அப்போது நான் நான்காம் வகுப்பு. பனி கரைந்துவிட்டது, சித்திரை வருடப்பிறப்பு இன்னும் வரவில்லை. அதற்கு மேல் நெருங்க முடிவதில்லை. வீட்டுச் சமையலறையில் தொங்கிய தினக் கலண்டரில் காலை தோறும் தாளைக் கிழிப்பது என் பொறுப்பாக இருந்தது. கிழித்த தாள்களை நான் எறிந்துவிட்டேன்.

மாமா அம்மாவின் தம்பி. இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. சொந்தக் கையால் ஒரு கார் கட்டவேண்டும் என்பது அவருடைய ஆசை. சட்டகமும் உடற்பகுதிகளும் பெட்டி பெட்டியாக வந்தன. எஞ்சினையும் கியர்பொக்ஸையும் பழைய இரும்புக் கடையில் கிடந்த கார் ஒன்றிலிருந்து கழற்றி எடுத்தார். அப்பா ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடித்து, ரயிலில் வந்து இறங்கியதும், நேரே வாடகைக் கராஜுக்குப் போய்விடுவார். இரண்டு குளிர்காலங்கள் அப்படிப் போயின.

“உங்களுக்கு ரெண்டு மனுசி. ஒருத்திக்கு நாலு சில்லு,” என்பார் அம்மா, இருவருக்கும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே.

அந்தக் காலத்தில் மாமாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மாமி சூரிச் விமான நிலையத்தில் வந்திறங்கும்போது இந்தக் காரில்தான் ஏற்றி வருவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அதற்கு முன் கார் அரசாங்கப் பரிசோதனையில் தேறி இலக்கத்தகடு வாங்கவேண்டும். அதுவரை கராஜுக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் மட்டும்தான் ஓட்டலாம். முதல்முறை ஓட்டிய அன்று, முதலாம் கியரும் இரண்டாம் கியரும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தன. அப்பா மாமாவைக் கட்டிப்பிடித்தார். அவர் யாரையும் கட்டிப்பிடித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காருக்குப் பூசை நடந்தது. சில்லுகளுக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. முன்பலகையில் பிள்ளையார் படம் ஒட்டப்பட்டது. சுவாமி இருக்கிற இடத்தில் சப்பாத்தோடு ஏறக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பாவும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். ஆனால் காரின் தரை வெறும் அலுமினியத் தகடு, மாசி மாதக் குளிரில் காலுறையையும் ஊடுருவி விறைக்கும். ஆகவே அம்மா வீட்டிலிருந்த தடித்த சிவப்புக் கம்பளத்தை வெட்டி உள்ளே விரித்தார். ஓட்டுகிறவரின் பக்கத்தில் மட்டும் இரண்டாக மடித்து விரித்தார். “பாவம், கால் விறைக்குமெல்லே,” என்றார்.

அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. முதலாம் கியரிலிருந்து இரண்டாவதற்குத் தள்ளும்போது பல் நறநறவென்று கடிபடும். பின்கியர் போட்டால் முற்றத்து ஜன்னல்களில் தலைகள் தெரியும்.

மாமா முறைப்படி பார்த்தார். எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டால் எல்லாக் கியரும் சத்தமின்றி விழுந்தன. எஞ்சின் ஓடும்போதுதான் கடித்தன.

“கியர்பொக்ஸில பிழை இல்லை அத்தான். கிளச்தான் முழுசா விடுகுதில்லை.”

“பழைய இரும்புக் கடையில வாங்கின சாமான், மச்சான். பல்லுத் தேஞ்சிருக்கும். கழட்டிப் பார்.”

மாமா கழற்றினார். கியர்பொக்ஸை வெளியே எடுக்க இருக்கைகளையும் நடுமூடியையும் அகற்றவேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில், அக்காவின் கம்பளத்தில் எண்ணெய் படக்கூடாதென்று, அதைச் சுருட்டிச் சுவர்த் தட்டில் வைப்பார். பற்கள் தேயவில்லை. கிளச் கம்பியை இறுக்கி, எல்லாவற்றையும் பூட்டி, வேலைச் சப்பாத்தோடு ஏறி ஓட்டிப் பார்ப்பார். ஒரு சத்தமும் வராது. சந்தோசமாக இறங்கி, கம்பளத்தைத் தூசி தட்டி, மடிப்புக் குலையாமல் பழையபடி விரித்துவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறுவார். நற நற.

இது பலமுறை நடந்தது. பரிசோதனைக்கு எடுத்த நாளைத் தள்ளிப்போட்டார்கள். மாமா பொய் சொல்கிறார் என்று அப்பா நினைக்கத் தொடங்கினார். அப்பாவுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று மாமா நினைக்கத் தொடங்கினார். கடைசி ஞாயிற்றுக்கிழமை மாமா அப்பாவின் பக்கத்து இருக்கையில் இருந்தார். நான் அம்மாவோடு கராஜ் வாசலில் நின்றேன்.

“நீங்கள் கிளச்சை முழுசா மிதிக்கிறேல்லை, அத்தான்.”

“ஆருக்கடா சொல்லுறாய்? யாழ்ப்பாணத்தில லொறி ஓடினவன் நான்!”

“லொறி வேற. ஒருக்கா இறங்குங்கோ, நான் மிதிச்சுப் பாக்கிறன்.”

அப்பா இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, “உன்ர சாமான் பழுது. அதை ஒத்துக்கொள்ள உனக்கு வாய் வருகுதில்லை,” என்றார். மாமா கதவைத் திறந்து இறங்கி, தன் சப்பாத்துகளைக் கையில் தூக்கிக்கொண்டு காலுறையோடு தெருவரைக்கும் நடந்தார். அம்மா “தம்பி, தம்பி” என்று பின்னால் போனார். அப்பா அன்று ஒரு நிமிடம் இறங்கியிருந்தால் என்று நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். மாமாவின் காலுக்கு அது உடனே தெரிந்திருக்கும்.

மாமி ரயிலில்தான் வந்தார். ஓல்டனில் வண்டி மாறும்போது கூறைச்சேலைப் பெட்டியை மாமா தோளில் சுமந்தாராம். பிறகு அவர்கள் லொசான் பக்கம் போய்விட்டார்கள். கார் ஒரு வருடம் மூடிக் கிடந்தது. “எனக்கு வேண்டாம், அத்தான் என்னவும் செய்யட்டும்,” என்று மாமா அம்மாவிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

அதை விலைக்கு எடுக்க வந்தவர் ஒரு சுவிஸ்காரர். நல்ல உயரம், சேறு காய்ந்த பூட்ஸ். தற்காலிக இலக்கத்தகட்டைத் தானே கொண்டுவந்திருந்தார். ஏறி உட்கார்ந்து ஒருமுறை கிளச்சை மிதித்தார், குனிந்து பார்த்தார். கிளச் மிதிக்கடியில் முட்டிக்கொண்டு கிடந்த கம்பளத்தை உருவி எடுத்து, இது எனக்குத் தேவையில்லை என்று தன் பேச்சில் சொல்லி, அம்மாவின் கையில் கொடுத்தார். எஞ்சினை முடுக்கினார். பின்கியரில் திரும்பி, முதலாவதில் முற்றத்தைக் கடந்து, தெருவில் இரண்டாவதற்கு மாற்றினார். எங்களுக்கு எஞ்சினின் ஒலி மட்டும்தான் கேட்டது.

நான் கைதட்டினேன். “அப்பா, கார் சரி வந்திட்டுது!”

யாரும் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை. அம்மா அந்த மடிந்த கம்பளத்தைக் குழந்தையைப்போல் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார்.

“மாமாட்டச் சொல்லுவமோ அப்பா? அவர் கட்டின கார் நல்லா ஓடுதெண்டு?”

“ஓம்,” என்றார் அப்பா. “நாளைக்குக் கதைக்கிறன்.”

இன்றும் கல்யாண மண்டபங்களில் சந்தித்தால் இருவரும் சுகம் விசாரிப்பார்கள். கார் என்ற சொல் வராது. சொன்னால் அம்மாவின் கம்பளத்தைச் சொல்லவேண்டிவரும் என்று அப்பா பேசாமலிருந்தாரா, சொன்னால் அப்பாவின் பிடிவாதத்தைச் சொல்லவேண்டிவரும் என்று அம்மா பேசாமலிருந்தாரா, எனக்குத் தெரியாது.

அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாளை என்பது கலண்டரில் அடுத்த தாள். மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாய் எழுந்து, கதிரையில் ஏறி, பழைய தாளைக் கிழித்தேன். பிறகு அப்பா எடுக்க வசதியாக, தொலைபேசியை மேசையின் நடுவே நகர்த்தி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.