மில் வளைவுக்கு வாங்கிய குப்பி

காலையில் என் மனைவி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால், அந்தச் சத்தம் செம்பனை மரங்களுக்குள் தேய்ந்து மறையும்வரை நான் வாசலில் நிற்பேன். முன்பெல்லாம் அது வெறும் வழக்கம். அவள் மில் வளைவில் சறுக்கி விழுந்த பிறகு அதுவே வியாதியாகிவிட்டது.

நாங்கள் இருப்பது ரந்தா என்ற சிறு பட்டணத்திலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில். நான் டிராக்டர் ஓட்டியவன். முட்டி போன பிறகு வீட்டோடு இருக்கிறேன். அவள் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்பு உதவியாளர். போக இருபத்தைந்து நிமிடம். பாதி வழியில் செம்பனை எண்ணெய் ஆலை; அதை ஒட்டி ஒரு வளைவு, அதுதான் மில் வளைவு. பழக்குலை ஏற்றி வரும் லோரிகள் அங்கே திரும்பும்போது உதிரிப் பழங்களைக் கொட்டிக்கொண்டே போகும். பின்னால் வரும் லோரி அவற்றை நசுக்கும். அதன்மேல் நாலு தூறல் விழுந்தால் போதும், ரோடு எண்ணெய் தடவிய தோசைக்கல்தான். “குலை லோரியும் கோவத்துல வர்ற மாமியாவும் வளைவுல நிக்கமாட்டாங்க” என்று எங்கள் டிராக்டர்காரர்கள் சொல்வார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வோம். யாரும் அந்த வளைவில் சிரித்துக்கொண்டு போனதில்லை.

விழுந்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கொடியில் காய்ந்த சட்டையில் முழங்கை கிழிந்திருந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன். பின்பிரேக்கை மிதித்தாளாம். பின்சக்கரம் சுற்றுவதை நிறுத்தி, மாட்டு வால் மாதிரி வீசியதாம். எதிரே லோரி வந்ததா என்று கேட்டேன். சோறு ஆறுகிறது என்றாள்.

பின்பிரேக்கை மட்டும் ஏன் மிதித்தாள் என்றால், அதற்கு நான்தான் காரணம். “முன்பிரேக் எமன், பின்பிரேக் மாமன்” என்பது எங்கள் தோட்டத்து வேதவாக்கு. செம்மண் ரோட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்கு, முன்பிரேக்கைப் பிடித்தால் ஆள் முன்னால் பறப்பான் என்பது ரத்தத்திலேயே ஊறியது. அந்தக் காலத்தில் புது மோட்டார் வந்தால், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கு முன்பே முன்பிரேக் கேபிளைத் தளர்த்திவிடுவார்கள். இப்போதைய மோட்டாரில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக். தளர்த்த முடியாது. அதனால் வாங்கிய அன்றே அவளிடம், “அந்த லீவர மறந்துரு” என்றேன். ஆறு வருஷமாக மறந்திருந்தாள்.

இந்த நேரத்தில்தான் என் மச்சினன் கைபேசியில் ஒரு சாமானைக் காட்டினான். அவளுடைய தம்பி, அதே லயத்து வீட்டு வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். பெரிய மோட்டார்களில் ஏபிஎஸ் என்று கம்பெனியிலேயே வைத்து வருமே, எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிக்குமே, அதே வேலையை இந்தக் கட்டைவிரல் அளவுக் குப்பி செய்யுமாம். பிரேக் எண்ணெய்க் குழாயின் முனையில் இருக்கும் போல்டைக் கழற்றிவிட்டு இதை முறுக்கினால் சரி. ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம். வாங்கினோம்.

பூட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ரந்தாவில் மோட்டார் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கொண்டுபோனேன். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். குப்பியைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“அண்ணே, பேருதான் ஏபிஎஸ் லா. உள்ள ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர். சக்கரம் நிக்கப் போவுதுன்னு இதுக்கு எப்படித் தெரியும்? கண்ணா இருக்கு? வீட்டுக்குப் போய் மொதல்ல டயரப் பாருங்க.”

எனக்குச் சுருக்கென்றது. சொந்தப் புத்தி இல்லாவிட்டாலும் சொல்புத்தியாவது வேண்டும் என்பார்கள். அன்று எனக்கு இரண்டும் இல்லை. பயந்தவனுக்கு ஒரு சாமான் வேண்டும், கையில் பிடித்துப் பார்க்க ஒரு சாமான். அது என் சட்டைப் பையில் இருந்தது. அதை அவ்வளவு சுலபமாக விட எனக்கு மனமில்லை.

சனிக்கிழமை நானும் மச்சினனும் உட்கார்ந்து பூட்டினோம். குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, அவன் மேலே லீவரை அமுக்க, நான் கீழே திருகாணியைத் திறந்து திறந்து மூடினேன். என்ன செய்தும் லீவர் பழையபடி இறுகவில்லை, கொஞ்சம் பஞ்சு மாதிரி அமுங்கியது. ஏபிஎஸ் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று மச்சினன் சொன்னான். நானும் நம்பினேன். முன்சக்கரத்துக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

“இனிமே பயப்படாத. ரெண்டு பிரேக்கையும் நல்லா இறுக்கிப் பிடி. சறுக்கவே சறுக்காது. தவுக்கேயே நல்ல சாமான்னு சொல்லிட்டாரு.”

அவள் லீவரை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். என் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். சரிங்க என்று உள்ளே போய்விட்டாள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். பொருந்தத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூராவும் அந்தப் பொய் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. தவுக்கே சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அடுப்படிவரை போனேன். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை தூறல். ஆறு மணிக்கு அவள் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சத்தம் மறைந்து ஐந்து நிமிடம்கூட இருக்காது. காலைப் பெரட்டுக்குப் போன மச்சினன், மறுபடி ஏறப் பயந்து, நொண்டிக்கொண்டே மோட்டாரைத் தள்ளி வந்தான். இலவசமாக வந்த குப்பியை நேற்றுத் தன் மோட்டாரில் பூட்டியிருக்கிறான். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் காத்திருந்த ஆட்களிடம் பெருமையாகக் காட்ட, ஈரப் புல்லில் ஓட்டி முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறான். இடுப்புவரை சேறு.

“மாமா, அது விட்டு விட்டெல்லாம் பிடிக்கல. ஒரேயடியா பூட்டிக்கிச்சு.”

மற்றவர்கள் பிரேக் பிடித்தால் பாதகமில்லை. அவர்கள் கைக்கு அளவு தெரியும். ஆறு வருஷம் அந்த லீவரையே தொடாத கை அவளுடையது. முதல் தடவையாகத் தொடப்போகிறது. அதுவும் இறுக்கி. அதுவும் அந்த வளைவில். நான் சொன்னேன் என்பதற்காக.

கைபேசியில் கூப்பிட்டேன். ஓட்டும்போது அது சீட்டுக்கு அடியில் பைக்குள் இருக்கும் என்று தெரிந்தும் நாலு தடவை கூப்பிட்டேன். பிறகு மச்சினனின் மோட்டாரில் பின்னால் ஏறினேன். சீக்கிரம் போ என்றேன். அவன் முறுக்கியதும் மெதுவாகப் போ என்றேன். நாங்கள் போவதும் அதே குப்பி பூட்டிய மோட்டார்தானே. “மாமா, ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க” என்றான். நான் வாயை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ரோட்டோரம் கிடந்த ஒரு நீல நிறத் தார்ப்பாய்த் துண்டு அவளுடைய மழைச் சட்டையாகத் தெரிந்தது.

மில் வளைவில் அவளைக் கண்டோம். மோட்டார் சாயவில்லை. அவளும் விழவில்லை. இறங்கி, புல்லோரமாக மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனாள். குலை லோரி ஒன்று அவளைக் கடந்து போனது.

விழுந்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லையாம். விழுந்த நாளிலிருந்தே இந்த வளைவை இறங்கித் தள்ளித்தான் கடக்கிறாளாம். அதற்காகவே பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறாளாம். சொன்னால் நான் வேலைக்கே போக வேண்டாம் என்பேன் என்று மறைத்தாளாம்.

நான் அந்த ஈர ரோட்டிலேயே சொல்லிவிட்டேன். “தவுக்கே நல்லதுன்னு சொல்லல. அது ஏபிஎஸ்ஸே இல்லன்னாரு. நான்தான் பொய் சொன்னேன். அந்த லீவரத் தொடாத.”

“தெரியும்” என்றாள். “அந்தத் தவுக்கே இதுவரைக்கும் எந்தச் சாமானையாவது நல்லதுன்னு சொல்லியிருக்காரா? நீங்க சொன்னப்பவே தெரியும். போதாததுக்கு லீவரு வேற பஞ்சு மாதிரி அமுங்குது. எமன்னு சொன்ன ஆளே வந்து மாமன்னு சொன்னா, எத நம்புறது?”

மச்சினன் சிரித்தான். அவள் அவனுடைய சேற்றைப் பார்த்து, நீயும் அவரோடு சேர்ந்துகொண்டாயா என்று கேட்டதும் நிறுத்திக்கொண்டான்.

அன்று பிற்பகலே மோட்டாரைத் தவுக்கேயிடம் விட்டோம். குப்பியைக் கழற்றிப் பழைய போல்டைப் போட்டார். பின்டயரை விரலால் தடவிக் காட்டினார். என் தலையை விட மொட்டை. பக்கத்திலேயே ஆறு வருஷம் இருந்த டயரை நான் குனிந்து பார்த்ததில்லை. புது டயர் நல்லதுதானே என்று கேட்டேன். பரவாயில்லை லா என்றார்.

முன்பிரேக்கைப் பிடிக்கவும் அவரே சொல்லிக் கொடுத்தார். நேராகப் போகும்போது, ரெண்டு விரலால், கொஞ்சம் கொஞ்சமாக, பின்பிரேக்கோடு சேர்த்து. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பந்துத் திடலில் அவள் பழகினாள். நான் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒவ்வொரு முறை லீவரைத் தொடும்போதும் என் கைதான் கம்பத்தை இறுக்கியது. கத்தினால் கவனம் சிதறுது, வீட்டுக்குப் போங்க என்று துரத்திவிட்டாள். நான் கத்தியதே எனக்குத் தெரியாது.

இப்போது வெயில் நாளில் அந்த வளைவை ஓட்டியே கடக்கிறாள். மழை நாளில் இன்னமும் இறங்கித்தான் தள்ளுகிறாள். தள்ளு என்று நானும் சொல்கிறேன். எப்படிக் கடந்தாலும் அந்தப் பக்கம் போனதும் நிறுத்தி, சீட்டைத் தூக்கி, கைபேசியை எடுத்து எனக்கு ஒரு மணி அடிப்பாள். நான் எடுக்கமாட்டேன். ஒரு மணி அடித்தால் வளைவைத் தாண்டிவிட்டாள் என்று பேச்சு. இன்று காலையும் தூறல். காப்பி மேசைமேல் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. மணி அடித்த பிறகுதான் குடித்தேன்.