பாதி நாற்காலி

மகளுக்கு ஒன்றரை வயதானபோது, எங்கள் இருவரில் ஒருவர் வேலையைக் குறைத்தாக வேண்டும் என்று மனைவி சொன்னாள். அவள் தனியார் மருத்துவமனையில் தாதி. நான் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்தில், கப்பலில் வரும் சரக்குகளைத் துறைமுகத்திலிருந்து விடுவிக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிள்ளைக் காப்பகத்தில் மகள் மாலையானதும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். போகிற ஆண்களையெல்லாம் அப்பா என்று கூப்பிடுகிறாளாம். அன்று தபால்காரரையும் கூப்பிட்டிருக்கிறாள்.

"நோயாளிங்கள காலையில மட்டும் வாங்கன்னு நான் சொல்ல முடியாதுலா. உங்க கண்டெய்னர் பேசாம நிக்கும்," என்றாள் மனைவி.

மறுநாள் மனிதவளப் பிரிவு அக்காவைப் போய்ப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் இதற்கு முன் வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டவர்கள் எல்லாரும் தாய்மார்கள். அக்கா கதவைச் சாத்தினார்.

"தம்பி, வீட்ல அவங்களுக்கு உடம்புக்கு ஏதாச்சும்?"

"நல்லா இருக்காங்க அக்கா."

"உங்களுக்கு?"

"நானும் நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் என்ன பிரச்சினை?"

"பிள்ளை இருக்கு."

அக்கா பொறுமையாக விளக்கினார். ஐந்து நாள் வேலையை நான்கு நாளில் அடைத்துச் செய்யலாம், சம்பளம் அப்படியே இருக்கும். அல்லது தினமும் சீக்கிரம் கிளம்பலாம், சம்பளம் குறையும். இன்னொன்றும் உண்டு. ஒரு வேலையை இருவர் பிரித்துக்கொண்டு, ஆளுக்குப் பாதிச் சம்பளம் வாங்குவது. "அது இங்க யாரும் செஞ்சதில்ல," என்றார்.

சம்பளம் குறையாததைத்தான் எடுத்தேன். புதன்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் மகள் எழுவதற்கு முன் கிளம்பி, அவள் தூங்கிய பிறகு வீடு சேர்ந்தேன். ஒருநாள் அவள் தூங்காமல் இருந்தாள். கதவைத் திறந்து உள்ளே வந்த என்னைப் பார்த்து, மரியாதையாகக் கையசைத்து 'டாட்டா' சொன்னாள். நான் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றேன்.

அடுத்து, மதிய உணவுக்குப் பின் கிளம்பும் ஏற்பாடு. நான் கிளம்பினேன், வேலை என்னைவிட்டுக் கிளம்பவில்லை. மகளை எஸ்பிளனேடு திடலுக்குக் கூட்டிப்போய், கைப்பேசியில் சுங்கத்துறை ஆளிடம் ஒரு பெட்டியில் இருப்பது மிதிவண்டியா, மிதிவண்டி உதிரிபாகமா என்று விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கி முடித்துத் திரும்பினால் மகள் மண்ணைத் தின்றுகொண்டிருந்தாள்.

அக்காவிடம் சொன்னேன். "இது வேலை நேரத்த குறைக்கிறது இல்ல தம்பி. சம்பளத்த மட்டும் குறைக்கிறது," என்றார்.

அந்தச் சமயம் என் பிரிவிலேயே ஒரு மலாய் அம்மா வேலையை விடுவதாக இருந்தார். பாலிக் புலாவிலிருந்து வருபவர். இரட்டைப் பையன்கள், இருவருக்கும் மதிய நேரப் பள்ளி. காலையில் அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, பாடம் பார்த்து அனுப்ப அவர் வீட்டில் இருக்க வேண்டும். நான் மதியத்துக்கு மேல் வீட்டில் இருக்க வேண்டும். அக்காதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். காலையில் நான், மதியத்திலிருந்து அவர். ஒரே மேசை, ஒரே நாற்காலி.

மேனேஜருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "தப்பு நடந்தா நான் யாரத் திட்டுறது?"

"அந்த நேரம் யாரு உக்காந்திருக்காங்களோ அவங்கள," என்றார் அக்கா.

தப்பு நடந்தது. உறைய வைத்த இறால் ஒரு கண்டெய்னர். விடுவிப்புக் கடிதத்தை அந்த அம்மா அனுப்பியிருப்பார் என்று நான் நினைத்தேன், நான் அனுப்பியிருப்பேன் என்று அவர் நினைத்தார். இறால் துறைமுகத்திலேயே நின்றது. நல்லவேளை, குளிர் நிற்கவில்லை. மேனேஜர் காலையில் என்னை முழுதாகத் திட்டினார். மதியம் அவரையும் முழுதாகத் திட்டினார். அதை மட்டும் பாதியாகப் பிரிக்கவில்லை.

அதன்பிறகு அந்த அம்மா கொஞ்சம் முன்னதாக வருவார், நான் கொஞ்சம் தாமதித்துக் கிளம்புவேன். கீழே நாசி கண்டார் சோற்றுக்கடையில் சேர்ந்து சாப்பிட்டபடி எது முடிந்தது, எது முடியவில்லை என்று பேசிக்கொள்வோம். பேச்சு மலாயில்தான். குழம்பு தொட்ட கையோடு பேசுவதால் எதையும் எழுத முடியாது, ஆனால் எதுவும் மறந்ததில்லை.

பாதிச் சம்பளத்தில் இரண்டு கார் தாங்காது. ஒன்றை விற்றோம். மகளைக் காப்பகத்திலிருந்து பேருந்தில் கூட்டிவருகிறேன். ஒருநாள் மதியம் அவள் பாதி தின்று ஊறிப்போன பிஸ்கட்டை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்வரை நான் கையைத் திறக்கவில்லை. கைப்பேசி ஒருமுறைகூட அடிக்கவில்லை.

கணக்குப் பிரிவில் ஒரு தம்பி இருக்கிறார், புதிதாக அப்பாவானவர். சென்ற வாரம் என்னிடம் வந்து, "அண்ணே, மத்தியானம் வீட்ல என்னதான் செய்வீங்க?" என்று கேட்டார்.

"அவ தூங்குவா. நான் துணி மடிப்பேன். எந்திரிச்சதும் பெர்ரிக் கப்பல் பாக்கப் போவோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் நேராக அக்காவின் அறைப்பக்கம் போனார்.

வரும் ஆண்டில் அந்த மலாய் அம்மாவின் பையன்கள் காலைப் பள்ளிக்கு மாறுகிறார்கள். மதியம் அவர்கள் வீட்டில் இருப்பார்கள், இனி அந்த அம்மாவுக்கும் காலை வேலைதான் வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார நாற்காலி இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை.